ஒன்பதாம் வரிசை, பதினைந்தாம் நாற்காலி

மெக்சிகோவின் லெயோன் நகரத்தில் யாரும் யார் முகத்தையும் முதலில் பார்ப்பதில்லை. ஷூ தைத்தே வளர்ந்த ஊர் இது. எதிரே வருபவரின் காலைப் பார்ப்போம். தையல் சரியா, குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எந்தப் பட்டறை வேலை என்று முடிவு கட்டிய பிறகுதான் தலை நிமிர்ந்து வணக்கம் சொல்வோம். எனக்கு அந்தப் பழக்கம் இரண்டு மடங்கு. அந்தலூசியா தியேட்டரில் இருபத்தேழு வருடம் இருட்டில் டார்ச் அடித்து ஆட்களை இருக்கைக்குக் கூட்டிப் போனவன் நான். டார்ச்சை முழங்காலுக்கு மேல் தூக்கக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் சட்டம். யார் யாரோடு வருகிறார்கள் என்பது டார்ச்சுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தாலும் வாய் திறக்கக் கூடாது என்பது இரண்டாவது சட்டம்.

அந்த இரண்டாவது சட்டத்தை நான் ஒரே ஒரு தடவை மீறினேன். அதற்குப் பிறகு நாற்பத்தேழு வருடம் ஒரு பெண்மணியைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவேன்.

தியேட்டரைக் கட்டியவர் தோன் பல்தசார் என்ற தோல் முதலாளி. போர்க்காலத்தில் பூட்ஸ் விற்றுச் சம்பாதித்தவர். ஸ்பெயினை அஞ்சல் அட்டைகளில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். அந்த அட்டைகளைக் கொத்தனார் கையில் கொடுத்து, இதே மாதிரி ஒரு ஊரை எனக்கு அரங்குக்குள்ளே கட்டு என்றாராம். 1943இல் கட்டி முடித்தார்கள். திரையின் இரண்டு பக்கமும் வெள்ளை வீடுகள், கம்பி போட்ட பால்கனிகள், ஓட்டுக் கூரைகள், ஜன்னலுக்கு ஜன்னல் மஞ்சள் விளக்கு. மேலே கருநீல வானம், அதில் முந்நூற்றுப் பன்னிரண்டு நட்சத்திரம். படம் தொடங்குவதற்கு முன்னால் ஜன்னல் விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும். ஊர் தூங்கப் போகிறது, இனி நீங்கள் கனவு காணலாம் என்று யாரோ சொல்வது போல இருக்கும். அதைப் பார்க்கவே டிக்கெட் வாங்கியவர்கள் உண்டு.

ஏழைகளுக்கு இந்தத் தூக்கம், கனவு எல்லாம் ஒத்துவராது. அவர்களுக்கு மேல் கேலரி, பின்சந்தில் தனி மரப்படி. திங்கட்கிழமை எந்த ஷூ தொழிலாளியும் வேலைக்குப் போக மாட்டான். புனிதத் திங்கள் என்று அதற்குப் பெயரே வைத்திருந்தோம். அன்று கேலரியில் எள் போட்டால் எள் விழாது. பிலிம் அறுந்துவிட்டால் ஆபரேட்டரைப் பார்த்து, "காக்கரோ, பாட்டிலைக் கீழ வை" என்று கத்துவார்கள். எங்கள் நாட்டில் எல்லா ஆபரேட்டருக்கும் காக்கரோதான் பெயர். அவன் குடிக்காதவனாக இருந்தாலும் பாட்டிலைக் கீழே வைத்தாக வேண்டும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒரு டிக்கெட் வாங்கினால் எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். படம் பாட்டுக்குத் திரும்பத் திரும்ப ஓடும். பாதியில் வந்து, முடிவை முதலில் பார்த்து, பிறகு ஆரம்பத்தைப் பார்த்து, "இந்த எடத்துலதான் நாம வந்தோம்" என்று எழுந்து போவார்கள். அதனால்தான் எனக்கு நாள் முழுக்க வேலை. இருட்டில் வந்துகொண்டே இருப்பார்கள்.

1989இல் மூடினார்கள். கடைசி இரண்டு வருடம் ஓடிய படங்களின் பெயரைச் சொன்னால் என் மருமகள் காப்பி தர மாட்டாள். பிறகு அது ஷூ அட்டைப்பெட்டிக் கிடங்கானது. நான் அங்கேயே காவலாளி. வெள்ளை வீடுகளின் பால்கனி வரை பெட்டிகள் அடுக்கியிருந்தன. கூரை ஒழுகி வானத்தில் பழுப்புக் கறை படர்ந்தது. நாற்காலிகளைக் கழற்றி விற்றார்கள். கொஞ்சம் மாதா கோயிலுக்கு, கொஞ்சம் முடிவெட்டும் கடைக்கு, மிச்சம் ஊர் ஊராகப் போயிற்று. நான் செய்ய முடிந்தது ஒன்றுதான். ஒவ்வொரு நாற்காலியின் பித்தளை எண் வில்லையையும் திருகிக் கழற்றி, ஒன்பது பெண்கள் ஷூ பெட்டிகளில் வரிசைப்படி போட்டு வைத்தேன். எதற்கு என்று அன்று கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்காது.

மூன்று வருடத்துக்கு முன்னால் நகராட்சி ஒரு குழு போட்டது. தியேட்டரைப் பழையபடி ஆக்க குவாதலஹாராவிலிருந்து ஹிமேனா என்ற கட்டிடக்கலைஞர் வந்தாள். முப்பத்து நாலு வயது, காலில் மலையேறுகிறவர்களின் பூட்ஸ், அதுவும் வெளியூர்த் தையல். முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவள் சாரத்தில் மல்லாந்து படுத்து, சின்னக் கத்தியால் வானத்தைச் சுரண்டி, ஏழு பூச்சுக்கு அடியில் அந்த முதல் நீலத்தைக் கண்டுபிடித்த அன்று, என்னை மேலே கூப்பிட்டுக் காட்டினாள். "இதுதானா, தோன் எவோதியோ?" என்றாள். இதுதான் என்று சொல்லி அந்த நீலத்தில் விரலை வைத்தேன், எடுக்கவில்லை. எழுபத்தொரு வயதுக்காரன் சாரத்தின் மேல் அழுதால் இறக்குவது கஷ்டம் என்று அவள்தான் பேச்சை மாற்றினாள்.

நாற்காலிகளைத் தேடித் தேடித் திரும்ப வாங்கினோம். என் ஒன்பது பெட்டிகளையும் கொண்டுபோய்க் கொட்டினேன். பிறகு குழு ஒரு திட்டம் போட்டது. ஒரு நாற்காலியின் செலவை ஏற்பவர் அதன் முதுகில் ஒரு பெயரைப் பொறித்துக்கொள்ளலாம். பெயர் இறந்தவருடையது என்றால் அவர் வீட்டார் கையெழுத்துப் போட்டுச் சம்மதம் தர வேண்டும். இந்தச் சட்டத்தை எழுதிய புண்ணியவான் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தால் நாலு வார்த்தை கேட்பேன்.

ஒரு காலையில் ஹிமேனா இரண்டு கடிதங்களை என் முன்னால் வைத்தாள்.

"இதைப் பாருங்க. ஒரே வரிசை, பக்கத்துப் பக்கத்து சீட்டு. சொந்தக்காரங்களா?"

முதல் கடிதத்தில் ஒன்பதாம் வரிசை, பதினான்கு. பொறிக்க வேண்டிய பெயர், தெல்ஃபினா. வேறு ஒரு சொல் இல்லை. இரண்டாவதில் ஒன்பதாம் வரிசை, பதினைந்து. பெயர், ரமிரோ. காரணம் என்ற இடத்தில் கோணல் எழுத்தில் ஒரு வரி இருந்தது: அவர் பெயரை எழுத எனக்கு வேறு இடம் இல்லை. கீழே கையெழுத்து, ஒத்தீலியா.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன ஆச்சு? காலையில சாப்டீங்களா இல்லையா?"

"சாப்ட்டேன்."

"பின்ன ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. இவங்க சொந்தக்காரங்க இல்ல. ஆனா ஒரு விதத்துல சொந்தக்காரங்க மாதிரிதான்."

அவள் கெட்டிக்காரி. கடிதங்களை இன்னொரு தடவை பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "புரிஞ்சுபோச்சு. அப்ப பெரிய வீட்டுக் கையெழுத்து வேணும். உங்களுக்குத் தெரிஞ்சவங்கதானே, நீங்களே போய் வாங்கிட்டு வந்துருங்க" என்று என் தலையிலேயே கட்டினாள்.

ரமிரோ பெண்கள் ஷூ பட்டறை வைத்திருந்தவர். ஞாயிறு நாலு மணிக்கு மனைவி தெல்ஃபினாவோடு வருவார். வியாழன் நாலு மணிக்குச் சின்ன வீடு ஒத்தீலியாவோடு வருவார். இரண்டு நாளும் இருக்கை ஒன்றுதான். அவருக்குப் பதினைந்து, கூட வருபவருக்குப் பதினான்கு. மனிதர் படு ஜாக்கிரதை. வியாழக்கிழமை வேறு தொப்பி, வேறு வாசனைத் தைலம். ஆனால் ஷூக்காரன் ஷூக்காரன்தானே. நல்ல தோல் கைக்கு வந்தால் மிச்சத்தை வீணாக்க அவனுக்கு மனசு வராது. 1967 கிறிஸ்துமஸுக்கு ஒரு கருஞ்சிவப்புத் தோலில் இரண்டு ஜோடி தைத்தார். பக்கவாட்டில் மூன்று கீறல், வெள்ளியில் சின்னக் கொக்கி. உலகத்திலேயே அந்த இரண்டு ஜோடிதான். இரண்டு பெண்களுக்கும் கால் ஒரே அளவு.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை ஒத்தீலியா சாம்பல் நிறக் கையுறை ஒன்றை விட்டுவிட்டுப் போனாள். பெருக்கும்போது எடுத்து வைத்தேன். ஞாயிறு வந்தது. படம் ஓடிக்கொண்டிருந்தது, கும்மிருட்டு. ரமிரோ வெளியே செபதீனா வாங்க நின்றிருக்கிறார், அந்தப் பானம் நுரை பொங்கும்போதே குடிக்க வேண்டும். கதவு திறந்தது. என் டார்ச் வட்டத்துக்குள் அந்தக் கருஞ்சிவப்பு ஷூ வந்தது. எனக்கு இருபத்து நாலு வயது. நல்ல பெயர் வாங்க ஆசை. ஒத்தீலியா எப்போதும் என்னோடு கேலி பேசுகிறவள் வேறு.

"சென்யோரா, வியாழக்கிழமை விட்டுட்டுப் போன கையுறை. பத்திரமா வச்சிருந்தேன்."

ஒரு கை வெளிச்சத்துக்குள் வந்து வாங்கிக்கொண்டது. "நன்றி" என்றது குரல். ஒத்தீலியாவுக்குக் கரகரத்த தொண்டை. இது அந்தக் குரல் இல்லை.

தெல்ஃபினா படம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அப்புறம் ஒரு நாளும் வரவில்லை. கொஞ்ச நாளில் வியாழக்கிழமைக்காரர்களும் வருவதை நிறுத்தினார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில் ஆளுக்கு ஒரு அறை, பேச்சு வார்த்தை இல்லை என்று ஊரில் சொன்னார்கள். ஒரு குடும்பத்தை ஒரு கையுறையால் கெடுத்தவன் என்ற நினைப்போடு நான் கல்யாணம் செய்தேன், பிள்ளை பெற்றேன், கிழவனானேன். இருபது வருடத்துக்கு முன் ரமிரோ செத்தபோது கடைசி வரிசையில் நின்று, பூசை முடியுமுன் நழுவினேன்.

இப்போது அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. மூன்று நாள் தள்ளிப்போட்டேன். நாலாம் நாள் தட்டினேன்.

தெல்ஃபினாவே திறந்தார். எழுபத்தெட்டு வயது, நரைத்த முடியை இழுத்துக் கட்டியிருந்தார். ஊர் வழக்கப்படி முதலில் என் காலைப் பார்த்தார்.

"குதிகாலை மாத்து, எவோதியோ. வெளிப்பக்கம் தேஞ்சிருக்கு."

"என் பேரு ஞாபகம் இருக்கா, தோன்யா தெல்ஃபினா?"

"நாப்பத்தேழு வருஷமா என்னைக் கண்டா ரோட்டைத் தாண்டுறவன் பேரு மறக்குமா? உள்ள வா."

மண்பானையில் பட்டை போட்டுக் காய்ச்சிய காப்பி கொடுத்தார். நான் காகிதத்தை நீட்டினேன். கண்ணாடி போட்டுப் படித்தார். ஒத்தீலியா எழுதிய வரியில் அவர் விரல் நின்றது.

"இன்னும் இருக்காளா?"

"இருக்காங்க. முட்டிவலி."

"எனக்குந்தான்" என்றார்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "அன்னிக்கு அந்தக் கையுறை... நான் வேணும்னு செய்யல, தோன்யா. இருட்டுல ஷூவை மட்டும் பாத்தேன். உங்க குடும்பத்தைக் கெடுத்தவன் நான்தான். மன்னிச்சிருங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். நிஜமாகவே சிரித்தார்.

"நீயா? என் குடும்பத்தைக் கெடுக்குற அளவுக்கு நீ என்னய்யா அவ்வளவு பெரிய ஆளா? எனக்கு அதுக்கு முன்னாடியே எட்டு வருஷமாத் தெரியும். பட்டறையில பெட்டி கட்டுறது என் வேலை. அந்த ரெண்டாவது ஜோடியைத் தாள் சுத்திப் பெட்டியில வச்சதே நாந்தான்."

நான் காப்பியைக் கீழே வைத்தேன். "பின்ன ஏன் தியேட்டருக்கு வர்றதை நிறுத்துனீங்க?"

"உனக்குத் தெரியும்னு தெரிஞ்சதால."

அவர் காப்பியை ஒரு வாய் குடித்தார். நிதானமாகத்தான் பேசினார்.

"வாரம் பூரா தெருவுல போனா ஒவ்வொரு கண்ணும் பாவம்னு சொல்லும். மாவு அரைக்கப் போனா, பூசைக்குப் போனா, பட்டறையில ஆணி அடிக்கிற பய வரைக்கும். ஞாயித்துக்கிழமை நாலு மணி மட்டும் யாரும் என்னைப் பாக்க மாட்டாங்க. இருட்டு. மேல நட்சத்திரம். ஒரு டார்ச் மட்டும் என் காலைப் பாக்கும், இவ யாரு பொண்டாட்டின்னு அதுக்குத் தெரியாது. அப்பிடின்னு நெனச்சிருந்தேன். அன்னிக்கு அந்த டார்ச்சும் பாவம் பாக்குற கூட்டத்துல சேந்துபோச்சு. நீ என் புருஷனை எடுக்கல, எவோதியோ. என் சினிமாவை எடுத்துட்ட."

நாற்பத்தேழு வருடமாக நான் சுமந்தது வேறு ஒரு குற்றம். என் குற்றம் இதுவாக இருந்திருக்கிறது. மேசையைப் பார்த்தபடி அழுதேன். அவர் தடுக்கவில்லை. அழுது முடிக்கும்வரை காத்திருந்து பேனாவைக் கேட்டார்.

"அவருக்குக் கல்லறையில பேரு இருக்கு. மாசாமாசம் நாந்தான் தொடைக்கிறேன். நாற்காலியை அவ தொடைக்கட்டும்." கையெழுத்துப் போட்டார். "என்னோடதுல தெல்ஃபினான்னு மட்டும் இருக்கணும். இன்னாரோட மனைவின்னு எவனாவது சேத்தான்னா வந்து பேத்து எடுத்துருவேன்."

"திறப்பு விழாவுக்கு வருவீங்களா? அவங்களும் வருவாங்க. பதினாறுல."

"அது அவ டிக்கெட்டு. நான் படம் ஆரம்பிச்ச அப்புறம் வருவேன். டார்ச் வச்சிருக்கியா?"

டார்ச் இருந்தது. ஹிமேனாதான் முரண்டு பிடித்தாள். "படிக்குப் படி விளக்கு போட்டிருக்கோம், தோன். படம் ஆரம்பிச்சா கதவு சாத்திருவோம். இப்ப சட்டம் அப்பிடி."

"ஒரே ஒரு ஆளுக்கு" என்றேன். என் முகத்தைப் பார்த்து விட்டுக்கொடுத்தாள்.

ஞாயிறு நாலு மணி. இப்போது எல்லோருக்கும் முன்வாசல்தான். ஆனாலும் பழைய ஷூ தொழிலாளிகள் பத்துப் பதினைந்து பேர் பழக்க தோஷத்தில் பின்சந்துக்குப் போய், படியேறி, கேலரியில் உட்கார்ந்துகொண்டார்கள். ஒத்தீலியா கைத்தடியோடு வெளிச்சம் இருக்கும்போதே வந்தாள். "ஏ எவோதியோ, இன்னும் நீ போய்ச் சேரலையா?" என்றாள் அந்தக் கரகரத்த தொண்டையில். பதினைந்தின் பெயரை விரலால் ஒரு தடவை தடவிவிட்டுப் பதினாறில் உட்கார்ந்தாள்.

ஜன்னல் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பிறகு மேலே முந்நூற்றுப் பன்னிரண்டு நட்சத்திரமும் எரிந்தன. என் பக்கத்தில் நின்ற ஹிமேனா மூக்கை உறிஞ்சினாள். அந்த நேரம் பார்த்துக் கேலரியிலிருந்து ஒரு கிழக்குரல், "காக்கரோ, பாட்டிலைக் கீழ வை" என்றது. படம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. அரங்கம் முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் எனக்குத் தியேட்டர் திரும்பி வந்தது, அந்த நீலத்தில்கூட இல்லை.

படம் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். அரை மணி நேரம் ஓடியிருக்கும். கதவு திறந்தது. நான் டார்ச்சைத் தாழ்த்தி அடித்தேன். வட்டத்துக்குள் வந்தது கறுப்பு ஷூ, ஒட்டுப்பட்டை போட்டது, தட்டையான அடி. ஒத்தீலியா காலிலும் இதேதான். ஊரில் வீங்கின காலுக்கு ஷூ விற்கும் கடை ஒன்றே ஒன்று, கிழவிகளில் பாதிப் பேர் அதைத்தான் போடுகிறார்கள்.

நான் வாய் திறக்கவில்லை. முன்னால் நடந்தேன். ஒன்பதாம் வரிசையில் நின்றேன். அவர் உட்காரும் முன் கைப்பையைத் திறந்து ஏதோ எடுத்து வெளிச்சத்துக்குள் நீட்டினார். சாம்பல் நிறக் கையுறை. மடிப்புக்கூடக் கலையவில்லை.

"வியாழக்கிழமை யாரோ விட்டுட்டுப் போயிருக்காங்க" என்றார் மெதுவாக. "உரியவங்ககிட்ட குடுத்துரு. இந்தத் தடவை ஆளைப் பாத்துக் குடு."

சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் ஒத்தீலியாவின் மடி அருகே டார்ச்சைத் தாழ்த்தினேன். ஒரு கை வந்து கையுறையை வாங்கியது, நிறைய நேரம் பிடித்துக்கொண்டே இருந்தது. அவள் "நன்றி" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தெல்ஃபினா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் தன் கைப்பையைத் தூக்கி நடுவில் இருந்த பதினைந்தின் மேல் வைத்தார்.

ஆறு மணிக்குப் படம் முடிந்தது. ஜன்னல்கள் திரும்ப ஒவ்வொன்றாக எரிந்தன. கூட்டம் கலைந்தது. ஒன்பதாம் வரிசையில் மட்டும் இரண்டு பேர் எழுந்திருக்கவில்லை. நான் போய் நின்றேன்.

"எவோதியோ, நான் பாதியில வந்தேன்" என்றார் தெல்ஃபினா. "ஆரம்பம் பாக்கல. பழைய வழக்கம் இன்னும் இருக்கா?"

இல்லை. ஏழு மணிக்காட்சிக்கு ஒவ்வொரு இருக்கையும் விற்றிருந்தது.

"இருக்கு, சென்யோரா. எவ்வளவு நேரம் வேணாலும் இருக்கலாம்."

"அப்ப நானும் இருக்கேன்" என்றாள் ஒத்தீலியா. "எந்திரிச்சா முட்டி கத்தும்."

பதினான்குக்கும் பதினாறுக்கும் டிக்கெட்டோடு வருகிறவர்களை என்ன செய்வது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பினேன். எனக்குப் பின்னால் தெல்ஃபினாவின் குரல் கேட்டது.

"படத்துல அந்தப் பய ஏன் மொதல்ல ஊரை விட்டுப் போனான்?"

"அது பெரிய கதை" என்றது கரகரத்த குரல். "அவங்கம்மா அந்தக் குதிரையை விக்கிறதுல ஆரம்பிக்குது."

நான் வெளியே வந்தேன். துடைப்பத்தோடு நின்றவர்களிடம் ஒன்பதாம் வரிசையைக் கடைசியில் பெருக்கச் சொன்னேன்.